அடைத்த குழாய்

2024ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதம் 8ஆம் நாள், செவ்வாய்க்கிழமை, பாரிசின் வடக்குப் புறநகரிலுள்ள ஒரு துத்தநாகப் பூச்சுப் பட்டறையில் கிரிகோரி என்பவர் தம் வலது கண்ணை இழந்தார். அவருடைய கவனக்குறைவே அதற்குக் காரணம் என்று பட்டறை முடிவு கட்டியிருக்கிறது. அந்த முடிவு பொய். அது பொய் என்பது லா சப்பலில் பலருக்குத் தெரியும். லா சப்பல் பாரிசின் தமிழ்க் கடைத்தெரு. தெரிந்தும் அவர்கள் அதைப்பற்றி வாய் திறப்பதில்லை. அதே விபத்தில் ஐங்கரன் என்பவன் உயிர் தப்பியது தெய்வச் செயல் என்று சொல்வதற்கு மட்டுமே திறக்கிறார்கள்.

தப்பியது எப்படி என்று ஐங்கரனுக்குத் தெரியும். அவன் பட்டறையின் பாதுகாப்பு வேலிக்கு வெளியே நின்றான். கிரிகோரி உள்ளே நின்றார். அவ்வளவுதான்.

எல்லாம் ஒரு காரிலிருந்து தொடங்கியது. பெட்டி பெட்டியாக இங்கிலாந்திலிருந்து வந்திறங்கிய, வாங்கியவரே பாகங்களை இணைத்துப் பூட்டிக்கொள்ள வேண்டிய கார் அது. பழங்காலத்து உருவம், கூரை கிடையாது, இரண்டே இருக்கைகள். வாங்கியவர் ஐங்கரனின் அக்கா நாகேஸ்வரியின் கணவர் குலசேகரம். லா சப்பலில் மணவறையும் சிம்மாசனமும் வாடகைக்குக் கொடுக்கும் கடை அவருடையது. மாப்பிள்ளை அழைப்புக்கு எல்லாரும் ஒரே மாதிரியான வெள்ளைக் காரில் வந்து இறங்குகிறார்கள், நம்மிடம் இப்படி ஒன்று இருந்தால் பாரிசிலே நமக்கு நிகர் யார் என்பது அவருடைய கணக்கு. பூட்டும் வேலையை மைத்துனனிடம் ஒப்படைத்தார். ஐங்கரன் காப்புறுதி அலுவலகமொன்றில் கணினிக்கு முன்னால் இருப்பவன். ஆனால் மாலை வகுப்புக்குப் போய் இரும்பு ஒட்டும் வெல்டிங் வேலை படித்திருந்தான். அந்தப் படிப்பைக் காட்டுவதற்கு ஓர் இடம் கிடைத்ததில் அவனுக்கும் மகிழ்ச்சி.

ஆர்ஜொந்தெய் என்னும் புறநகரில் ஒரு கராஜை வாடகைக்கு எடுத்தார்கள். பெட்டியிலிருந்து முதலில் பிரித்து எடுத்தது அடிச்சட்டகம். சதுரக் குழாய்களை ஏணி போல இணைத்து ஒட்டிய வெறும் இரும்பு. இயந்திரமும் உடலும் ஏறிய பிறகு அதன் எல்லாப் பக்கத்தையும் ஒருவராலும் தொட முடியாது. ஆகவே எந்தக் காப்பைப் பூசினாலும் இப்போதே பூச வேண்டும். கார் ஓடும் காலமெல்லாம் அந்தப் பூச்சுத்தான் அதைத் தாங்க வேண்டும். எதைப் பூசுவது?

ஐங்கரனுக்கு யாரிடம் கேட்பது என்று தெரிந்திருந்தது. பொபினியில் அவன் வீட்டுக்கு மேல்மாடியில் குடியிருந்தவர் கிரிகோரி. புதுச்சேரிக் கத்தோலிக்கக் குடும்பம். பட்டறைக்கு வரும் இரும்பைப் பார்வையிட்டு, உருகிய துத்தநாகத் தொட்டிக்குள் இறக்கலாமா கூடாதா என்று சொல்லுவது அவருடைய பொறுப்பு. ஒரு ஞாயிற்றுக்கிழமை, தேவாலயப் பூசை முடிந்த கையோடு, மனைவி மர்கரீத்தையும் அழைத்துக்கொண்டு ஆர்ஜொந்தெய்க்கு வந்தார்.

சட்டகத்தைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு, “இதுக்கா என்னை இம்மாந்தூரம் இழுத்துக்கிட்டு வந்த? யாரோ கட்டில கழட்டிப் போட்டிருக்காங்கன்னு நெனச்சேன்” என்றார்.

“கட்டில் இல்லை அண்ணை, காரின்ர ஷாஸி. கலியாணத்துக்கு விடப்போறம்.”

“உங்காளுங்க கல்யாணத்துல யானை ஒண்ணுதான் பாக்கி. அதையும் பெட்டியில ஆர்டர் குடுத்துடாதீங்கப்பா, பூட்டத் தெரியாம தும்பிக்கைய பின்னால வெச்சிடுவீங்க.”

மர்கரீத் கணவரின் முதுகில் தட்டினார். கிரிகோரி குந்தி உட்கார்ந்து, ஒரு குழாயை விரலால் தட்டிப் பார்த்தார். அதன்பின் அவர் குரலில் விளையாட்டு இல்லை.

“கையால பெயின்ட் அடிச்சா வருஷா வருஷம் அடிக்கணும். அடியில படுத்துக்கிட்டு எவன் அடிப்பான்? பவுடர் போட்டு அடுப்புல சுட்டு எடுத்தா அழகா இருக்கும், எந்தக் கலர் வேணும்னாலும் வரும். ஆனா அது வெளியில போட்ட சட்டை. ஒரு கல்லு பட்டு ஒரு இடம் தெறிச்சிச்சின்னா தண்ணி அடியில பூந்து ஓடும். மேல பளபளன்னு இருக்கும், கீழ துரு தின்னுக்கிட்டே இருக்கும். குழாய்க்கு உள்பக்கம் பவுடர் போவவே போவாது. ஸாங்ல முக்கினா உள்ளயும் போவும், வெளியிலயும் போவும்.”

ஸாங் என்று அவர் சொன்னது துத்தநாகத்தை. பட்டறையில் அவர்கள் வழங்கும் பிரெஞ்சுச் சொல் அது.

“அப்ப ஸாங்தான் அண்ணை.”

“இரு. ஒவ்வொரு குழாய்க்கும் ரெண்டு முனையிலயும் ஓட்ட போடணும்.” சட்டைப்பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்து, துளையிட வேண்டிய இடங்களை அவரே குறித்தார். “மூடின குழாய் ஒண்ணுகூட இருக்கக் கூடாது. தொட்டி நானூத்தம்பது டிகிரி கொதிக்குது. உள்ள அடைஞ்ச காத்தும் ஈரமும் வெளிய போவ வழி தேடும். அது தேடுற வழியில நான் நின்னுக்கிட்டு இருப்பேன். புரியுதா?”

ஐங்கரன் அன்றே துளைகளைப் போட்டான். கிரிகோரி ஒவ்வொன்றிலும் விரல் நுனியை வைத்துப் பார்த்துத் தலையசைத்தார்.

இவ்வளவோடு முடிந்திருக்க வேண்டும். முடியவிடவில்லை குலசேகரம். மறுநாள் கடையில், பிளாஸ்டிக் தாமரைகளுக்கும் பொன்வண்ணத் தூண்களுக்கும் நடுவே, துத்தநாகம் பூசிய இரும்பின் படத்தை ஐங்கரனின் கைபேசியிற் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

“எடேய், இது கலியாணக் காரோ, மீன் கழுவுற வாளியோ?”

“அடியில கிடக்கிறதை ஆர் அத்தான் பாக்கப்போகினம்?”

“வீடியோக்காரன் பாப்பான். இப்பத்தைய பெடியள் சில்லுக்குக் கீழையும் கமராவை விடுறாங்கள். பொன் கலர் அடி. மேலை சிவப்பு, கீழை பொன். பாக்கிறவன் கண்ணை எடுக்கக் கூடாது.”

துருவைப் பற்றி ஐங்கரன் சொன்னவை அந்தக் கடைக்குள் எடுபடவில்லை. எடுபடும்வரை அவன் சொல்லவும் இல்லை. அக்காவின் கணவரோடு ஓர் எல்லைக்கு மேல் வாதாடுவதில்லை என்பது அவன் வளர்ந்த வளர்ப்பு. கிரிகோரி பவுடர் என்று சொன்ன தூள் பூச்சே என்றாயிற்று. வேறொரு பட்டறையில் செப்டெம்பருக்கு நாள் வாங்கினார்கள்.

ஆவணியில் ஒரு நல்ல நாள் பார்த்து, கராஜ் வாசலில் பூசை வைத்தார் குலசேகரம். பூசை என்பது பாதி, விளம்பரம் என்பது மீதி. உறவினர், வாடிக்கையாளர், மண்டபம் நடத்துவோர், பூக்காரர், படம்பிடிப்பவர் என்று கராஜ் கொள்ளாத கூட்டம். வெறும் இரும்புக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள். பாலை ஊற்றினார்கள். தேங்காயை உடைத்து இளநீரைச் சட்டகத்தின்மேலே தெளித்தார்கள்.

பிறகு குலசேகரம் எல்லாரும் கேட்கச் சொன்னார்: “வீட்டுக்கு நிலை வைக்கேக்கை அடியில பொன்னும் தானியமும் வைக்கிறம். வைக்காமல் ஆரும் வீடு கட்டினவையோ? இதுவும் ஒரு நிலைதான். இதுக்கு மேலைதான் முழுக் காரும் நிக்கப்போகுது.”

வீட்டு நிலைக்குரிய வழக்கத்தைக் காருக்கு யாரும் செய்து பார்த்ததில்லை. ஆயினும் கூட்டத்துக்கு அது பிடித்திருந்தது. இப்படியொரு யோசனை நமக்கு வராமற் போயிற்றே என்றுகூட ஒருவர் சொன்னார். சாரதியின் காலடியிற் குறுக்கே ஓடும் குழாயைக் குலசேகரம் தேர்ந்தார். கிரிகோரி சுண்ணாம்பால் குறித்த இடத்தில் ஐங்கரன் போட்ட துளை வழியே நவதானியம் போயிற்று. மந்திரம் பொறித்துச் சுருட்டிய செப்புத் தகடு போயிற்று. நாகேஸ்வரி தம் தாலிக்கொடியைச் சிறிதாக்கியபோது மிஞ்சிய பொன் துண்டு போயிற்று. கோயிலிலிருந்து கொண்டுவந்த தீர்த்தமும் போயிற்று.

“இனி மூடு தம்பி. ஒண்டும் வெளியில விழக் கூடாது.”

ஐங்கரன் முகமூடியை மாட்டிக்கொண்டு, அந்தக் குழாயின் இரு துளைகளையும் இரும்பால் ஒட்டி அடைத்தான். தூள் பூச்சுக்குத் துளை தேவையில்லை என்ற நினைப்பைத் தவிர வேறு நினைப்பு அப்போது அவனுக்கு இல்லை. உள்ளே தானியம் வறுபட்டு வாசனை கிளம்பியது.

“என்ன, கார் செய்யிறியளோ, வடை சுடுறியளோ?” என்று பூக்கடைத் துஷாந்தி கேட்டாள். கராஜே சிரித்தது. ஒட்டிய இடத்தை அவன் அரத்தால் ராவினான். தான் படித்த தொழில் நன்றாகப் படித்த தொழில் என்று எல்லாரும் காணவேண்டும் என்பதற்காக, துளை இருந்த சுவடே தெரியாதபடி ராவினான். அரோகரா என்றார்கள். பிறகு எல்லாரும் சாப்பிட்டார்கள்.

செப்டெம்பர் நடுவில் கராஜைத் திறந்தபோது சட்டகத்தில் பழுப்புக் கோடுகள் ஓடியிருந்தன. பாலும் இளநீரும் வழிந்த வழியெல்லாம் துரு. ஐங்கரன் கைபேசி வெளிச்சத்தை மற்றக் குழாய்களின் துளைகளுக்குள் பிடித்துப் பார்த்தான். உள்ளேயும் பழுப்பு. வெளிப்புறத்தை மணலடித்துச் சுத்தம் செய்யலாம். உள்ளே என்ன செய்வது? இந்த இரும்பின்மேலே பொன் வண்ணத்தைப் போர்த்துவதென்றால், நோயாளிக்குப் பட்டு உடுத்துவதுதான். ஒரு மணமகனும் மணமகளும் இதன்மேலே உட்கார்ந்து நெடுஞ்சாலையிற் போவார்கள் என்று நினைத்ததும் கராஜைச் சாத்திவிட்டு நேரே கடைக்குப் போனான். அன்றுதான் அவன் முதன்முறையாக அத்தானை எதிர்த்து நின்றான்.

“முதல்ல ஸாங்கில முக்குவம். அதுக்கு மேலை உங்கட பொன் கலரை அடிப்பம். இல்லையெண்டால் நான் இந்தக் காரைப் பூட்டமாட்டன்.”

“மேலை பொன் வந்தால் எனக்குச் சரி. அதுக்கேன் சத்தம் போடுறாய்?”

“இன்னொண்டு இருக்கு. அந்தக் குழாயைத் திறக்கவேணும்.”

குலசேகரம் கையிலிருந்த தேநீரைக் கீழே வைத்தார். கல்லாவுக்குப் பின்னால் மாலை கோத்துக்கொண்டிருந்த நாகேஸ்வரி நிமிர்ந்து பார்த்தார்.

“வைச்சதை எடுக்கிறதோ? விசரே உனக்கு? அவ்வளவு பேருக்கு முன்னாலை வைச்சது. உன்ர அக்காவின்ர தாலிப் பொன் அதுக்குள்ளை கிடக்கு.”

“எடுக்கத் தேவையில்லை அத்தான். சின்ன ஓட்டை ஒண்டு போட்டால் போதும்.”

“வைச்சு அடைச்ச மங்கலப் பொருளை ஓட்டை போட்டுத் திறக்கிறது எவ்வளவு கெடுதல் எண்டு உனக்குத் தெரியுமோ? எனக்கு ஏதும் நடந்தால் உன்ர அக்காவின்ர கழுத்திலதான் முடியும். அவவைக் கேட்டுப் பார்.”

நாகேஸ்வரி கழுத்திலிருந்த கொடியைக் கையாற் பற்றிக்கொண்டார். அந்தக் கையைப் பார்த்த பிறகு ஐங்கரன் குழாயைப் பற்றிய பேச்சை விட்டான்.

“ஒரு குழாய்தானே,” என்றார் குலசேகரம், குரலைத் தணித்துக்கொண்டு. “அதுக்குள்ளை எவ்வளவு காத்துக் கிடக்கப்போகுது?”

ஒரு குழாய்தானே என்று ஐங்கரனும் தனக்குச் சொல்லிக்கொண்டான். கிரிகோரி சொன்னது அவனுக்கு நினைவில்லாமல் இல்லை. நினைவிருந்தது; சொல்லுக்குச் சொல் நினைவிருந்தது. ஆனால், தொழில் தெரிந்தவர்கள் எப்போதும் கொஞ்சம் கூட்டித்தான் பயமுறுத்துவார்கள் என்ற எண்ணத்தை அவன் தேடி எடுத்து, அந்த நினைவின்மேலே வைத்து மூடினான்.

ஒக்டோபர் 8 காலை சட்டகத்தைப் பட்டறைக்குக் கொண்டுபோனான். கிரிகோரி வேலையுடுப்போடு வந்து கைகொடுத்தார்.

“வந்துட்டுதா ஒங்க கட்டிலு? ஓட்டையெல்லாம் நான் பாத்த மாதிரியே இருக்கில்ல?”

“ஓம் அண்ணை. நீங்கள் பாத்த மாதிரித்தான்.”

கிரிகோரி சட்டகத்தின் நீளத்துக்கு நடந்து பார்த்தார். தாமே குறித்து, தாமே விரல் வைத்துப் பார்த்த துளைகள். பக்கத்து வீட்டுக்காரனின் சொல். குறுக்குக் குழாயின் அடியில் சந்தனம் காய்ந்து ஒட்டியிருந்தது. அதைப் பார்த்து, “சாமி கும்பிட்டுத்தான் அனுப்பியிருக்கீங்க” என்று சிரித்தார். ஒவ்வொரு துளையிலும் கம்பி விட்டுப் பார்ப்பது அங்கே விதி. அன்று அவர் எல்லாவற்றிலும் விடவில்லை. இதை மறைக்க வேண்டியதில்லை, அவரும் மறைக்கவில்லை. சட்டகத்தை அமிலத்தில் கழுவினார்கள், பின் உலர்த்தினார்கள். பாரந்தூக்கியில் மாட்டித் தொட்டிக்கு மேலே கொண்டுவந்தார்கள். ஐங்கரனை வேலிக்கு அப்பால் நிற்கச் சொல்லிவிட்டு, கிரிகோரி தொட்டியருகே போனார்.

சட்டகம் பாதி இறங்கியபோது பெருஞ்சத்தம் ஒன்று கேட்டது. கூரைத் தகரம் அதிர்ந்தது. வெள்ளி நிறத்தில் ஏதோ மேலே எழுந்து, மழைபோல இறங்கியது. கிரிகோரி பாதுகாப்புக் கண்ணாடி அணிந்திருந்தார். அது அந்த வெப்பத்துக்கு நிற்கவில்லை. அவர் அலறவில்லை என்பதுதான் ஐங்கரனின் காதில் இன்றுவரை ஒலிக்கிறது. முகத்தைப் பொத்திக்கொண்டு, முழந்தாளிட்டு, “நவுருங்க, நவுருங்க” என்று மற்றவர்களை விலக்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு கிழமைக்குப் பிறகுதான் மர்கரீத் அவனை மருத்துவமனை அறைக்குள் விட்டார். முகத்தின் ஒரு பாதி கட்டுக்குள் இருந்தது. ஐங்கரன் கட்டிலருகே நின்று எல்லாவற்றையும் சொன்னான். தானியம், தகடு, பொன், தீர்த்தம், அரம். அவன் முடித்த பிறகு கிரிகோரி பேசினார்.

“வாசல்ல கேட்டேன்ல? அப்ப சொல்லியிருந்தா நானே ட்ரில் எடுத்தாந்து ஒரு ஓட்ட போட்டிருப்பேன். ஒரு நிமிஷ வேலப்பா அது.”

“அண்ணை…”

“ஒங்க சாமிக்கும் ஒண்ணும் ஆயிருக்காது.”

மர்கரீத் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, “இத எங்க சொல்லணுமோ அங்க போய் சொல்லு” என்றார். “அவர வேலையிலருந்து நீக்கிட்டாங்க. கம்பி விட்டுப் பாக்காம எறக்கிட்டாராம், தப்பு பூரா அவரோடதாம். இத்தினி வருஷம் ஒருத்தனுக்கு ஒரு கீறல் பட விடாத மனுஷன். இனி எவன் வேல குடுப்பான்?”

ஐங்கரன் சொன்னான். விபத்தை விசாரிக்கும் பெண் அதிகாரியிடம் போய், தன்மேல் என்ன வழக்கு வந்தாலும் வரட்டும் என்று, பிரெஞ்சில் முழுவதையும் சொன்னான். அந்த அம்மையார் கவனமாகக் கேட்டார். பிறகு பட்டறையின் வழக்கறிஞர் பேசினார். இருவரும் தமிழர், ஒரே கட்டடத்தில் வசிப்பவர்கள், நண்பனைக் காப்பாற்ற நண்பன் கதை கட்டுகிறான் என்றார். குழாய் கிழிந்தது இரு துளைகளும் இருந்த இடங்களோடு கிழிந்தது. துளை இருந்ததா, அடைபட்டிருந்ததா என்று எஞ்சிய இரும்பைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. உள்ளே இருந்தவை தொட்டியோடு கரைந்துபோயின. அந்தப் பூசையைப் பார்த்தவர்கள் வேறு யாரேனும் உண்டா என்று அதிகாரி கேட்டார். நிறையப்பேர் என்றான் ஐங்கரன். அப்படியானால் அழைத்து வாருங்கள் என்றார் அவர்.

அவன் முதலில் கடைக்குப் போனான். குலசேகரத்திடம் ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள். தேங்காய் உடைத்தோம், கற்பூரம் காட்டினோம், வேறொன்றும் இல்லை என்று அவர் சொல்லியிருந்தார்.

“ஏன் அத்தான் பொய் சொன்னனீங்கள்?”

“பின்னை என்ன சொல்லச் சொல்லுறாய்? நான் மங்கலமெண்டு வைச்சது வெடிச்சு ஒருத்தன்ர கண் போச்சுதெண்டோ? அதுக்குப் பிறகு என்ர மணவறையில ஆர் பிள்ளையை இருத்துவினம்?” அவருக்கும் உறக்கமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. “உன்னைக் கடவுள் காப்பாத்தினவர். அதோட விடு. நான் கோயிலுக்கு அபிசேகத்துக்குச் சொல்லியிருக்கிறன், உன்ர பேரில.”

“கிரிகோரி அண்ணையின்ர பேரில?”

குலசேகரம் ஒரு சிம்மாசனத்தின் தூசியைத் தட்டத் தொடங்கினார். அன்றிரவு ஐங்கரன் அக்காவைத் தொலைபேசியில் அழைத்தான். பொன் துண்டைப் பற்றிக் கேட்டதும் இணைப்பு அறுந்தது. மறுமுறை அழைத்தபோது ஒருவரும் எடுக்கவில்லை.

பிறகு தெருவில் இறங்கினான். துஷாந்தி பூவைக் கட்டிக்கொண்டே, “நான் அப்ப சாப்பாடு எடுக்கப் போயிட்டன் தம்பி, ஒண்டையும் காணேல்லை” என்றாள்.

“நீங்கள்தானே அக்கா வடை சுடுறியளோ எண்டு கேட்டனீங்கள்?”

அவள் முகம் சிவந்தது. “நான் எத்தினை பகிடி விடுறனான். எல்லாத்தையும் நினைவில வைச்சிருக்கிறதே?”

படம்பிடித்த கஜன், கமராவில் மின்கலம் தீர்ந்துவிட்டதென்றான். அப்படித் தீர்ந்த மின்கலத்தில் எடுத்த காணொளியை அவன் ஆவணியிலேயே இணையத்தில் ஏற்றி எல்லாருக்கும் இணைப்பு அனுப்பியிருந்தான். ஒக்டோபரில் அதை இணையத்திலிருந்து அழித்துவிட்டான். மண்டபம் நடத்துபவர் ஒருவர் ஐங்கரனை உள்ளே அழைத்து, கதவைச் சாத்திவிட்டு, நீர் சொல்வது உண்மைதான், ஆனால் வெள்ளைக்காரனுக்கு முன்னால் நம்முடைய வழக்கத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றலாமா என்று கேட்டார். கிரிகோரி வெள்ளைக்காரர் அல்லர் என்று ஐங்கரன் சொன்னான். அவர் நம்மவரும் அல்லர் என்றார் மண்டபக்காரர். அந்தப் பதிலைச் சொல்ல அவருக்குக் கொஞ்சமும் கூச்சமில்லை.

இப்போது கிரிகோரி வீட்டிலிருக்கிறார். மின்தூக்கியில் ஐங்கரனைக் கண்டால் நகர்ந்து இடம் விடுகிறார், பேசுவதில்லை. விசாரணை இன்னும் மூடப்படவில்லை. இன்னொரு வாய் சொன்னால் தொடரும், சொல்லாவிட்டால் மூடிவிடும் என்ற நிலையில் நிற்கிறது. ஐங்கரன் சனிக்கிழமைதோறும் லா சப்பலுக்குப் போய், அன்று கராஜில் நின்றவர்களின் கதவுகளை வரிசையாகத் தட்டுகிறான். எதிரே அவனைக் கண்டவர்கள் மறுபக்க நடைபாதைக்கு மாறுகிறார்கள்.

இதை வாசிக்கும் நீங்கள் அங்கே நின்றிருக்கலாம். நிற்காதவராயின், நின்றவர் ஒருவரேனும் உங்களுக்குச் சொந்தமாகவோ வாடிக்கையாகவோ இருப்பார். லா சப்பல் அவ்வளவு பெரிய ஊரன்று. உங்கள் சமயத்தைப் பற்றி ஒருவரும் உங்களிடம் கேட்கவில்லை. குழாய்க்குள் என்ன போயிற்று, அதை யார் அடைக்கச் சொன்னார், யார் அடைத்தார் என்ற மூன்றையும் மட்டுமே கேட்கிறார்கள். விசாரணை அதிகாரியிடம் போங்கள். ஐங்கரனையும் கூட்டிக்கொண்டு போங்கள், அவன் வருவான். தனியாகப் போக அஞ்சினால் பத்துப் பேராகப் போங்கள். போய், கண்டதைக் கண்டபடி, உங்கள் பெயரை முதலில் சொல்லி, சொல்லுங்கள்.